தோட்டத்துக்குள் ஒரு தரை

பூமியின் தென்கோளத்தில் உள்ள எங்கள் மலைநாட்டில், ஈஸ்டரையொட்டி இலையுதிர் காலம் வந்ததும் வீட்டுத் தோட்டத்தின் மண் ஒரு சாணாவது தாழ்ந்திருக்க வேண்டும். கோடை முழுவதும் செடிகள் உண்டதும், புழுக்கள் உண்டதும், மழை கரைத்ததும் ஒன்றுசேர்ந்து அந்தத் தாழ்வை உண்டாக்குகின்றன. தாழ்ந்த இடத்தை எருவாலும் சாம்பலாலும் புதிய மண்ணாலும் நிரப்புவதே உறைபனிக்கு முந்தைய வேலைகளுள் முதன்மையானது. எங்கள் தோட்டத்தின் வடபாதி முறைப்படி தாழ்ந்திருந்தது. தென்பாதி தாழவே இல்லை.

இந்த வேறுபாடு என் கண்ணில் பட்டது, என் மனைவி மாபொலோகோ ஈஸ்டர் விடுமுறை முடிந்து மசேருவின் தையல் ஆலைக்குத் திரும்பிய மறுநாள் காலையில். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அவள் ஆலை வேலையில் சேர்ந்திருந்தாள். கோடையில் அவள் நட்டுவைத்தவற்றுக்கு நான் நீர் மட்டும் ஊற்றினேன். இலையுதிர் கால நடவு முதன்முறையாக என் பொறுப்புக்கு வந்தது. வேன் புறப்படும் வரை அவள் அதைப் பற்றியே பேசினாள்.

"தக்காளிச் செடியப் புடுங்கிப் போட்டுராதீங்க. அடியோட அறுங்க, வேர் மண்ணுலயே கெடந்து மக்கட்டும். நடுக்கூடையில குச்சியெல்லாம் இத்துப்போச்சு, புதுசு கட்டுங்க. எரு போட்டு மேடாக்கிட்டு கீரை, பீட்ரூட், வெங்காயம் வைங்க. மேல புல்லு மூடாக்கு. சாம்பல அள்ளிக் கொட்டாதீங்க, தூவுங்க."

"சரி. தெக்குப் பக்கம்?"

"தெக்குப் பக்கம் பூண்டு."

"பூண்டு மட்டுமா?"

"பூண்டு மட்டும்தான். அது சோம்பேறிப் பக்கம். அதக் கிளறவும் வேணாம்."

"ஏன் கிளறக் கூடாது?"

"ந்தாதே, நான் சொன்னதச் செய்யுங்க. இல்லன்னா சொல்லுங்க, இந்தக் குளிருக்கு ம்மே மாலெஹானா பாத்துக்கட்டும். மாசக் கடைசியில வந்து பாப்பேன்."

ஆண்களை 'ந்தாதே' என்றும் பெண்களை 'ம்மே' என்றும் மரியாதையாக விளிப்பது எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டு மாலெஹானா அப்போது வேனின் மறுபுறம் நின்று, தன் பெயர் காதில் விழாதவள்போல் கம்பளியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இவ்விடத்தில் என் நிலையையும் கூறுவது முறை. பல ஆண்டுகள் நான் வேலை செய்த சுரங்கத்தின் தூசு என் நுரையீரலில் தங்கிவிட்டது. மாடுகளுடன் மலை ஏற என்னால் இயலாது. உழுவதற்கும் மூச்சு போதாது. இடுப்பளவு உயரத்தில் கல்லடுக்கிக் கட்டிய, குனியத் தேவையற்ற இந்த வட்டத் தோட்டம் ஒன்றே என் உடல் ஏற்கும் வேலை. அதுவும் மாலெஹானாவின் கைக்குப் போய்விட்டால், குளிர்காலம் முழுவதும் நான் சுவரோரம் வெயில் காய்பவனாக மட்டுமே எஞ்சுவேன். ஆகையால் மனைவியின் சொற்களை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவது என்று உறுதிபூண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் சுரங்கத்தில் இருந்தபோது, மாபொலோகோ கட்டிய இத்தோட்டத்தின் அமைப்பு எளியது. வட்டச் சுவரில் வீட்டை நோக்கி ஒரு பிளவு இருக்கும். மேலிருந்து பார்த்தால் சாவித்துவாரம் போலத் தெரியும். பிளவின் வழியே உள்ளே நடந்தால் நடுவில் குச்சிகளால் கட்டிய கூடை நிற்கும். சமையற்கழிவையும் பாத்திரம் கழுவிய நீரையும் அந்தக் கூடையில் கொட்டுகிறோம். நீர் கூடையிலிருந்து நாற்புறமும் கசிந்து மண்ணை நனைக்கிறது. கூடை ஒன்று, நீர் ஒன்று. அவ்வாறிருக்க, ஒரு பாதி உண்பதும் மறுபாதி உண்ணாதிருப்பதும் எவ்வாறு?

வடபாதியை நிரப்பிக் கீரையும் பீட்ரூட்டும் வைத்தேன். தென்பாதியில் பூண்டுப் பற்களை ஊன்றினேன். விரலால் குழி இட்டபோது மண் மாவுபோல் உதிர்ந்தது. அதில் ஒரு புழுவும் இல்லை.

மாலெஹானா சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ந்தாதே, பூண்டுக்குத் தாலாட்டுப் பாடுறீங்களா? இவ்ளோ நேரமா குனிஞ்சு கெடக்கீங்க."

"ம்மே, இந்தப் பக்கம் ஏன் காய்ஞ்சு கெடக்குது?"

"தெக்குப் பக்கம்ல? சூரியன் வடக்க போகுது. தெக்க நெழலு. இது தெரியாமயா இத்தன வருஷம் பூமிக்கு அடியில கெடந்தீங்க?"

"நெழல்ல ஈரம் அதிகமாத்தானே இருக்கணும்?"

அவள் முழங்கையை மாற்றி ஊன்றிக்கொண்டாள். "எல்லாத் தோட்டத்துலயும் தெக்கப் பூண்டுதான். என் தோட்டத்துலயும் அப்படித்தான். வேணும்னா வந்து பாருங்க."

சென்று பார்த்தேன். அவள் வீட்டு உத்தரத்தில் சென்ற அறுவடையின் பூண்டுகள் தொங்கின. ஒவ்வொன்றும் என் கைமுட்டி அளவு பருத்திருந்தது. எங்கள் பூண்டோ கட்டைவிரல் நுனியைத் தாண்டியதில்லை. இரு தோட்டங்களும் ஒரே சரிவில் இருப்பவை, ஒரே மலையின் நிழல் விழுபவை. என் வியப்பு கூடியது.

ஒரு பொருளின் காரணத்தை அறிய விரும்புவோன் முதலில் பொய்க் காரணங்களை நீக்க வேண்டும். இரண்டு பால்மாவு டப்பாக்களில் வடபாதியின் மண்ணை நிரப்பி, இரண்டிலும் பீட்ரூட் நாற்றை வைத்தேன். ஒன்றை வடபாதியின் மேல் வைத்தேன், மற்றொன்றைத் தென்பாதியின் மேல். இரண்டுக்கும் ஒரே குவளையால் நீர் ஊற்றினேன். ஒரு வாரம் கடந்தபின் இரு நாற்றுகளும் ஒரே உயரத்தில், ஒரே சிவந்த நரம்புகளுடன் நின்றன. நிழல் குற்றவாளி அன்று என்பது உறுதியாயிற்று. குற்றம் மேலே இல்லை என்றால் கீழே இருக்கிறது.

அடுத்து நீரைப் பின்தொடர்ந்தேன். ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கழுநீரைக் கூடையில் ஊற்றிவிட்டு, சுவரைச் சுற்றி நடந்தேன். சற்று நேரத்தில் வடபுறக் கற்களின் அடியிடுக்குகள் கருத்து, நீர் துளிர்த்தது. தென்புறக் கற்களின் இடுக்கில் எறும்புகள் வெண்ணிற முட்டைகளைச் சுமந்து ஊர்ந்துகொண்டிருந்தன. ஈரம் வரும் இடத்தில் எறும்பு குடியிருக்காது.

நான் மண்டியிட்டுத் தென்புறச் சுவரில் காதை வைத்திருந்த வேளையில், மாலெஹானாவின் கணவர் கொவாபானே குதிரையை நடத்திக்கொண்டு வந்தார்.

"என்னய்யா, ரேடியோ கேக்குறியா? நியூஸ் வந்துருச்சா?"

"தண்ணி எங்க போகுதுன்னு பாக்குறேன்."

"கீழ போகும். தண்ணின்னா கீழதான் போகும். இதுக்குப் போயி கல்லக் கட்டிப் புடிச்சிக்கிட்டு..."

"வடக்க மட்டும் போகுது. தெக்க போகல."

அவர் குதிரையின் கடிவாளத்தைப் பீச் மரத்தில் கட்டிவிட்டு அருகில் வந்தார். ஆர்வம் தொற்றக்கூடியது என்பதற்கு அவர் முகமே சான்று.

"அடியில எதாவது இருக்கும்யா. பழைய கல்லறையா?"

"என் பொண்டாட்டி கல்லறை மேலயா தோட்டம் போடுவா?"

"அப்ப பாறை."

"கட்டும்போது பாறை இல்லையாம். வெறும் சரிவு."

"அப்ப உன் மாமியார்தான் உள்ள உக்காந்து எல்லாத் தண்ணியையும் குடிக்கிறாங்க" என்று கூறிவிட்டு, தம் நகைச்சுவையைத் தாமே நெடுநேரம் சுவைத்தார்.

சுரங்கத்தில் நாள்தோறும் பணி தொடங்கும் முன் கூரையைக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். உறுதியான பாறை மணிபோல் ஒலிக்கும். பிளந்து தனித்து நிற்கும் பாறை முரசுபோல் ஒலிக்கும். முரசொலி கேட்டால் அதன் கீழே எவரும் நிற்பதில்லை. அந்தப் பழக்கம் என் கையில் இன்னும் இருந்தது. வீட்டிலிருந்து நீண்ட இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தேன். வடபாதியில் ஊன்றினேன். முழங்கை மண்ணைத் தொடும் வரை கம்பி இறங்கியது. தென்பாதியில் ஊன்றினேன். ஒரு சாண் இறங்கி நின்றது. வேறோரிடத்தில் ஊன்றினேன். அதே ஆழத்தில் நின்றது. கம்பியின் தலையைக் கல்லால் தட்டினேன்.

"கேட்டியா?" என்றேன்.

"தம்முன்னு அடிக்குது" என்றார் கொவாபானே. சிரிப்பு அவர் முகத்திலிருந்து மறைந்திருந்தது. "உள்ள யாரோ மேளம் வச்சிருக்காங்க."

பாறையின் மேற்பரப்பு ஏற்ற இறக்கம் உடையது. இதுவோ எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் நின்றது. இத்தகைய சமதளத்தை இயற்கை செய்வதில்லை, கைதான் செய்கிறது.

அன்று மாலை நான் நெடுநேரம் எண்ணினேன். மாதக் கடைசி நெருங்கிவிட்டது. மலையுச்சியில் ஏற்கெனவே வெண்மை தெரிந்தது. தோண்டினால், ஊன்றிய பூண்டு போகும். மனைவி வந்து பார்க்கும்போது அவள் தடுத்த இடம் திறந்து கிடக்கும். தோண்டாவிட்டால் பூண்டு கட்டைவிரல் நுனியளவு விளையும், தோட்டம் என்னிடமே இருக்கும். ஆனால் அந்த முரசொலியின் மேல் நின்றுகொண்டு ஒவ்வொரு நாளும் கழுநீர் ஊற்ற என்னால் இயலுமா? இயலாது என்பது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பூண்டுப் பற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். மேல்மண்ணைச் சட்டியால் அள்ளிச் சுவருக்கு வெளியே குவித்தேன். மூச்சு முட்டும்போதெல்லாம் கல்லின்மேல் அமர்ந்தேன். ஒரு சாண் ஆழத்தில் சட்டி வழுக்கியது. கையால் மண்ணைத் துடைத்தேன்.

அது ஒரு தரை.

எங்கள் வீட்டுக்குள் இருப்பதைப் போன்ற, களிமண்ணும் சாணமும் குழைத்து மெழுகிய தரை. அதன்மேல் நான்கு விரல்களால் இழுத்த அரைவட்ட வரிகள் ஒன்றையொன்று தழுவிச் சென்றன. அந்த வரிகளை நான் அறிவேன். விடுமுறையில் வந்த ஒவ்வொரு முறையும் அவற்றின்மேல்தான் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். சுண்டுவிரல் மட்டும் சற்று விலகி இழுத்த அந்த வரி மாபொலோகோவின் கையினுடையது.

அன்றும் சுவரோரம் வந்து நின்ற கொவாபானே எட்டிப் பார்த்து, பின் தம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"மூடிருய்யா."

"ஏன்?"

"அவங்க மெழுகுன தரையப் பேத்தேன்னு தெரிஞ்சா, தோட்டம் மாலெஹானாகிட்ட போகாது. நீயே எங்கயாவது போக வேண்டியதுதான்."

"தோட்டத்துக்குள்ள எதுக்குத் தரை? உனக்குத் தெரிஞ்சிக்க வேணாமா?"

"வேணும்தான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு என் இரும்புக் கம்பியின் மறுமுனையைப் பிடித்தார்.

மெழுகலின் அடியில் வறட்டிப் பாளங்கள் இருந்தன. மாட்டுப்பட்டியின் தரையில் மிதிபட்டு இறுகிய சாணத்தை மண்வெட்டியால் சதுரம் சதுரமாக வெட்டியெடுத்துக் குளிர்கால அடுப்புக்கு அடுக்கி வைக்கிறோமே, அதே பாளங்கள். அவை ஓரத்தோடு ஓரம் பொருந்தி, கூடைப் பக்கம் சற்றே சாய்ந்து, கூரைபோல் கிடந்தன. கூடையில் ஊற்றிய நீர் அனைத்தும் அவற்றின் விளிம்பில் முட்டித் திரும்பி வடக்கே ஓடியிருக்கிறது. மேலே ஒரு சாண் மண்ணில் பூண்டு மழையை நம்பி வாழ்ந்திருக்கிறது. பாளங்களுக்கும் கீழே, இரும்புச் சத்துக்காக அடியில் இடும் பழைய தகர டப்பாக்கள் கிடந்தன. மூன்று ஆண்டுகளில் அவை துருப்பிடித்து உதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் துருவேறாத ஒரு டப்பாவில் என் முகம் தெரிந்தது.

பாளங்களை எடுத்து வீட்டுச் சுவரோரம் அடுக்கினேன். சிலவற்றை நீரில் ஊறவைத்து நொறுக்கி, பீச் இலைச் சருகும் சாம்பலும் கலந்து, குழியில் மண்ணோடு மாற்றி மாற்றிப் பரப்பினேன். டப்பாக்களை நசுக்கி மீண்டும் அடியில் இட்டேன். எல்லாவற்றுக்கும் மேல் கனமாகப் புல் மூடினேன். நடுவதற்கு நேரம் இருக்கவில்லை.

மாபொலோகோ சனிக்கிழமை முற்பகலில் வந்தாள். பையை வாசலில் வைத்தாள். வீட்டுக்குள் செல்லாமல் நேரே தோட்டத்துக்கு வந்தாள். வடபாதியின் கீரையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. பிறகு தென்பாதியைப் பார்த்தாள்.

"பூண்டு எங்க?"

"சாக்குல இருக்கு."

"சாக்குல எதுக்கு இருக்கு? மண்ணுலதானே இருக்கணும்? என்ன சொல்லிட்டுப் போனேன் நான்?"

"கிளற வேணாம்னு சொன்ன."

"அப்புறம்?"

"கிளறிட்டேன்."

மாலெஹானா சுவரோரம் வந்துவிட்டாள். அவள் பின்னால் கொவாபானே, தமக்கு இதில் தொடர்பே இல்லை என்பதுபோல் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டு நின்றார்.

"ம்மே மாலெஹானா" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்தபடியே. "இந்தக் குளிருக்குத் தோட்டத்த நீங்களே பாத்துக்குங்க. இவரு வெயில் காயட்டும்."

சுவரோரம் அடுக்கியிருந்த பாளங்களில், மெழுகல் உதிராத ஒன்றை எடுத்துவந்து, வரிகள் மேலே தெரியும்படி அவள் முன் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். தன் நான்கு விரல்களையும் அந்த வரிகளில் வைத்தாள். பொருந்தின.

"இது... உள்ளயா இருந்துச்சு? இன்னுமா இருக்கு?"

"அப்படியே இருக்கு. தண்ணி ஒரு சொட்டு உள்ள போகல."

"மக்கியிருக்கும்னு நெனச்சேனே!" அவள் கல்லின்மேல் அமர்ந்தாள். "எருன்னா சாணம்தானே? வறட்டியும் சாணம்தானே? வடக்குப் பக்கம் போட்டதோட எரு தீந்துபோச்சு. பட்டியில ஏற்கெனவே பாளமா வெட்டி அடுக்கியாச்சு, உதிரி எரு ஒரு கூடை கூட இல்ல. தோட்டச் சங்கத்துப் பொம்பளைங்க அடுத்த நாள் பாக்க வராங்க. மத்தவங்களுக்கெல்லாம் மண்ணு சொமக்கப் புருஷன் இருந்தான்."

"சரி, பாளத்தப் போட்ட. எதுக்கு மெழுகுன?"

"ஆடுச்சு" என்றாள். "கால் வச்சா பாளம் ஆடுச்சு. ஆடுறது எனக்குப் புடிக்காது. சந்துல கொஞ்சம் களிமண்ணு வச்சு அமுக்கினேன். அப்புறம் கையி நிக்கல."

மாலெஹானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே! மண்ணுக்கு உள்ள போறதுக்குக் கோலமும் போட்டிருக்கியே! புழு வந்து பாய் விரிச்சுப் படுக்கவா?"

என் மனைவிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதை அடக்கிக்கொண்டாள்.

"மொத வருஷம் ஒண்ணும் வெளையல. சங்கத்துல ஏன்னு கேட்டாங்க. தெக்குப் பக்கம் நெழலு, அதான்னு சொன்னேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. நானும் அதையே நம்பிட்டேன்."

மாலெஹானாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன சொன்ன?"

"நெழலுன்னு சொன்னேன்."

"நீ சொன்னேன்னுதானேடி நாங்க எல்லாரும் தெக்கப் பூண்டு மட்டும் போடுறோம்! மூணு வருஷம்! என் பக்கம் எரு இருக்கு, தண்ணி இருக்கு, புழு இருக்கு, பூண்டு இந்தா தண்டிக்கு இருக்கு. ஒரு முட்டைக்கோஸ் வச்சுப் பாத்தேனா? பாக்கலையே! நீ போட்ட தரைக்கு நான் ஏன்டி பூண்டு தின்னேன்?"

"அதான்யா வீடே நாறிக்கிட்டு கெடக்கு" என்றார் கொவாபானே குதிரையிடம்.

மாலெஹானா என் கையருகே சாய்த்து வைத்திருந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு தன் தோட்டத்தை நோக்கி விரைந்தாள். சற்று நேரத்தில் அங்கிருந்து அவள் குரல் கேட்டது. "எறங்குது! முழுசா எறங்குது!"

அந்தப் பிற்பகலில் மாபொலோகோ மூன்றுகால் இரும்புப் பானையில் ரொட்டி சுட்டாள். எரித்தது தோட்டத்திலிருந்து எடுத்த பாளங்களைத்தான். மூன்று ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அவை நன்றாகவே எரிந்தன.

"தோட்டம் போட்ட அந்த வருஷக் குளிருல இது அடுப்புக்கு இல்லாமப் போச்சு. புதரு வெட்டி எரிச்சேன். பொகையில கண்ணே தெரியல" என்றாள் அவள். பாளத்தைப் புரட்டிவிட்டு, நெருப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நான் தாழாத மண்ணையும், எறும்புகளையும், இரு டப்பாக்களையும், முரசொலியையும் வரிசையாகக் கூறினேன். அவள் இடைமறிக்காமல் கேட்டாள். டப்பாக்களை மட்டும் எழுந்து சென்று பார்த்துவிட்டு வந்தாள்.

"மாலெஹானாவுக்கு இனிமே அவ தோட்டத்துலயே வேலை சரியா இருக்கும்" என்றாள்.

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ? வடக்கும் நீங்க, தெக்கும் நீங்க. ஆனா வசந்தத்துல தெக்குப் பக்கம் முட்டைக்கோஸ் வரணும். வரலைன்னா நெழலு அது இதுன்னு எங்கிட்ட கதை சொல்லக் கூடாது. அந்தக் கதை ஏற்கெனவே சொல்லியாச்சு."

உண்டு முடித்த பாத்திரங்களைக் கழுவி, நீரை நானே சுமந்துசென்று கூடையில் ஊற்றினேன். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்தொடர்ந்தாள். இருவரும் சுவரின் தென்புறம் சென்று நின்றோம். புதிய நிரப்பல் நீரை முதலில் தானே குடித்துக்கொள்ளும், ஆகையால் இன்று ஒன்றும் தெரியாது என்று நான் விளக்கினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து கற்களின் இடுக்கில் கண்ணை வைத்திருந்தாள்.

"எறும்பக் காணோம்" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். எறும்புகள் தம் முட்டைகளைச் சுமந்துகொண்டு, சுவரை விட்டு விலகி, பீச் மரத்தின் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.